பைக்கால் தெளிவாக இருக்கிறது, அதனால் என்ன?

ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கும் பைக்கால் ஏரிக்கரையில் உட்கார்ந்து சோப்புப் போட்டுப் பாத்திரம் கழுவும் காணொளி ஒன்று இந்த வாரமும் எனக்கு வந்தது. "கண்ணாடி மாதிரி இருக்கு, அப்படியே குடிக்கலாம்" என்று பின்னணியில் ஒரு குரல். ஏரிகளை ஆய்வதே தொழிலாக இருப்பவளால் இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

தெளிவு வேறு, சுத்தம் வேறு. செக்கி தட்டு என்ற வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அது கண்ணுக்கு மறையும் ஆழம்தான் தெளிவின் அளவு. பைக்காலில் சில பருவங்களில் 40 மீட்டர்வரைகூடத் தெரியும். ஆனால் கிருமியையோ, பாசிக்கு உரமாகும், கரைந்துபோன பாஸ்பேட்டையோ, கழிப்பறைக் குழியிலிருந்து மண்ணுக்கடியில் கசிந்து வருவதையோ அந்தத் தட்டால் காட்ட முடியாது. கலங்கல் கண்ணுக்குத் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

"1,642 மீட்டர் ஆழமான ஏரியை ஒரு வாளி சோப்புத் தண்ணீர் என்ன செய்துவிடும்?" படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். கழிவு எடுத்த எடுப்பில் நடு ஏரிக்குப் போவதில்லை ஐயா, ஆழமில்லாத கரையோரத்தில்தான் சேர்கிறது. வெயில் அடிவரை இறங்குவதும், பச்சைக் கிளைகளாய் நன்னீர்ப் பஞ்சுயிரிகள் (ஸ்பாஞ்ச் எனும் விலங்குகள்) நிற்பதும் அங்கேதான். 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஊர்களை ஒட்டிய கரைகளில் ஸ்பைரோகைரா பாசி மண்டி, ஒதுங்கி, அழுகிக் குவிந்தது. அதே காலத்தில் பஞ்சுயிரிகளும் நோயுற்றன. நடு ஏரி அப்போதும் தெளிவாகத்தான் இருந்தது! உள்ளே வந்த நீர் அங்காரா ஆற்றின் வழியே வெளியேறச் சராசரியாக 300 ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நடு ஏரியின் தெளிவுக்கும் உழைப்பவர்கள் உண்டு. எபிஷுரா என்ற, இறாலுக்குத் தூரத்து உறவான பொடி உயிர் பாசியை ஓயாமல் வடித்துத் தின்கிறது. அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். ரஷ்ய உயிரியலாளர் மிகயீல் கொழோவ் 1945-இல் தொடங்கி, மகளும் பேத்தியும் தொடர்ந்த அளவீடுகள் மேல்நீர் சூடாகி வருவதைக் காட்டுகின்றன. எங்கள் துறையில் நான் கையெடுத்துக் கும்பிடும் பதிவேடு அது.

போகிறவர்கள் போய் வாருங்கள். சோப்பும் ஷாம்பூவும் கரைக்கு வரவே கூடாது, 'இயற்கையானது' என்று அட்டையில் போட்டிருந்தாலும். கழுவிய நீரைத் தண்ணீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி மண்ணில் ஊற்றுங்கள். கரையோர நீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். விடுதிக்கு முன்பணம் கட்டும் முன், கழிவுநீர் எங்கே போகிறது என்று தயவுசெய்து கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு விடுதி பாருங்கள்.