உணவகத்துக்கு எதற்கு உள்துறை?

"உணவக உள்துறை வடிவமைப்பு: நீங்களே செய்யுங்கள் ஆக்கப்பூர்வமான யோசனைகள்." இந்த மாதிரித் தலைப்புகள் இணையத் தமிழில் பெருகிவிட்டன. உள்துறை வண்ணங்கள், உள்துறை கதவுகள், காரின் உள்துறை என்று எங்கு பார்த்தாலும் இந்தச் சொல். பழைய மரக்கதவை மேசைப் பலகையாக்குவது, தையல் மெஷினின் இரும்புக் கால்களை அதற்குத் தாங்கலாக வைப்பது, தேங்காய்ச் சிரட்டையில் விளக்குக் கூடு செய்வது என்று உள்ளே சொல்லப்படும் விஷயம் பெரும்பாலும் நல்ல விஷயம்தான். புதிதாகச் சின்ன ஓட்டல் திறப்பவருக்கு உதவக்கூடியது. ஆனால் உள்துறை என்ற சொல் தவறு.

உள்துறை என்று இவர்கள் மாற்றும் ஆங்கிலச் சொல் இன்டீரியர். அது லத்தீன் வழி வந்தது. 'இன்னும் உள்ளே இருப்பது' என்று பொருள். கட்டடத்தின் உட்புறத்தையும் குறிக்கும், ஒரு நாட்டின் உள்விவகாரத்தையும் குறிக்கும். பிரான்ஸ், துருக்கி, பாகிஸ்தான் செய்திகளில் வரும் இன்டீரியர் மினிஸ்டரை உள்துறை அமைச்சர் என்று எழுதுவது சரி. குழப்பம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். செய்தியில் பொருந்திய சொல்லை யாரோ, அல்லது ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரம், சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. அரசாங்கங்களுக்கே கூட அது எல்லா இடத்திலும் பொருந்தாது. அமெரிக்காவில் 1849இல் தொடங்கிய இன்டீரியர் துறை பொது நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் கவனிக்கிறது. அதை உள்துறை என்றால் தமிழ் வாசகர் போலீஸையும் சட்டம் ஒழுங்கையும்தான் நினைப்பார்.

'உள் என்றால் உட்புறம், துறை என்றால் இடம், சேர்த்தால் பொருள் வருகிறதே' என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. வரவில்லை. துறை என்பது முதலில் ஆற்றில் இறங்கும் இடம். மயிலாடுதுறை, திருவாவடுதுறை என்ற ஊர்ப்பெயர்களில் இருப்பது அதுதான். பிறகு அது புலம், பிரிவு என்று விரிந்து அரசு நிர்வாகத்துக்கு வந்தது. தமிழில் இப்படிச் சேரும் சொல்லில் பின்னால் நிற்பதுதான் தலை. மீன்வளத்துறை ஒரு துறை, வருவாய்த்துறை ஒரு துறை. அதே கணக்கில் உள்துறையும் ஒரு துறைதான், ஒருநாளும் அறையாகாது. உள்துறை வடிவமைப்பு என்றால் அரசுத் துறை ஒன்றை வடிவமைப்பது என்றுதான் இலக்கணம் பொருள் சொல்லும்.

'வழக்கில் வந்துவிட்டது, விடுங்கள்' என்பது அடுத்த வாதம். யார் வழக்கில்? சுவருக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங் கொடுக்கும் பெயிண்டர் 'உள்பக்கம், வெளிப்பக்கம்' என்பார், இல்லையென்றால் இன்டீரியர் என்றே சொல்வார். தச்சரும் உள்துறை என்று சொல்ல மாட்டார். பேசுகிற யாருடைய வாயிலும் இல்லாத சொல்லை வழக்கு என்று ஏற்க முடியாது.

சரி, எதை எழுதுவது? இலங்கைத் தமிழில் உள்ளக விளையாட்டரங்கு, உள்ளகக் கணக்காய்வு என்று உள்ளகம் இயல்பாகப் புழங்குகிறது. அந்த வழியில் உள்ளக வடிவமைப்பு நல்ல சொல். அகம் என்றால் உள்ளும் வீடும் என்பதால் பொருளும் ஆழமாகிறது. தொழிலின் பெயராக இதையே நான் ஏற்பேன். ஏனென்றால் அந்தத் தொழில் வெறும் அலங்காரம் இல்லை. இரண்டரை அடி உயர மேசைக்கு ஒன்றரை அடி உயர இருக்கை, தட்டுகளோடு பரிமாறுபவர் இடிக்காமல் போகும் வழி, சமையலறைப் புகை வெளியேறும் பாதை, சத்தம் எதிரொலிக்காத கூரை, இவையெல்லாம் அதில் அடக்கம்.

ஆனால் உணவக உள்ளக வடிவமைப்பு என்று இரண்டு அகம் அடுத்தடுத்து வந்தால் நாக்கு தடுமாறுகிறது. அங்கே 'உணவகத்தின் உள்ளலங்காரம்' போதும். அலங்காரம் வடமொழி ஆயிற்றே என்பவர்கள் உள்ளொப்பனை என்று எழுதட்டும். எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். அலங்காரம் எந்தத் தமிழருக்கும் அந்நியமான சொல் இல்லை.

அப்புறம் அந்த 'நீங்களே செய்யுங்கள்'. 1950களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவலான 'டூ இட் யுவர்செல்ஃப்' என்ற ஆங்கிலத் தொடரின் நேர் மொழிபெயர்ப்பு இது. ஆங்கிலம் ஏவலை அப்படியே பெயர்ச்சொல் முன்னால் ஒட்டிவிடும். தமிழில் 'நீங்களே செய்யுங்கள் அலங்காரம்' என்று ஒட்டினால் வாக்கியம் உடைந்து நிற்கும். நமக்குப் பெயரெச்சம் இருக்கிறது, 'கைப்பட' என்ற அருமையான சொல்லும் இருக்கிறது. கைப்பட எழுதிய கடிதம் என்கிறோம் இல்லையா? அதே போல, கடைக்காரரே கைப்படச் செய்த அலங்காரம். கைவினை என்று மாற்றுகிறார்கள் சிலர். அது தேர்ந்த கைவினைஞரின் வேலையைக் குறிப்பது. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு முதலாளியும் மனைவியும் சுவரில் கொடி வரைவது வேறு.

கிரியேட்டிவ் என்றதும் ஆக்கப்பூர்வம் என்று போடுவதையும் நிறுத்த வேண்டும். ஆக்கப்பூர்வமான விமர்சனம் உண்டு, ஆக்கப்பூர்வமான பேச்சுவார்த்தை உண்டு. சிரட்டை விளக்கில் இருப்பது கற்பனை. 'கைப்படச் செய்ய, கற்பனை மிகுந்த உணவக அலங்காரங்கள்' என்று தலைப்பு வைத்தால் ஓட்டல் நடத்துபவர் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்வார். மொழிபெயர்ப்பவர் தான் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால் இது அவருக்கே தோன்றியிருக்கும்.