வெட்டினது வயிற்றில், புண் விரலில்

பெரியம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன், நாலரை மணித்தியாலம். மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிற வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் சுட்டுவிரல் நுனி கறுத்துப்போய்க் கிடக்கிறது. "வெட்டினது வயித்தில, புண் விரலிலயா மனே?" என்று கேட்டா. ஒட்சிசன் பார்க்கிற கிளிப் கொழுவின விரல் அது.

கிளிப்பின் ஒரு பக்கத்தில் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் எரியும், மறுபக்கம் எவ்வளவு வந்து சேருகிறது என்று அளக்கும். ஒட்சிசன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வேறு வேறு அளவில் உறிஞ்சுவதால்தான் மொனிட்டரில் 98, 99 என்று கணக்கு வருகிறது. நல்ல நிலையில் இருக்கும் கிளிப் சுடுவது அரிது, ஆனால் அது கழலாமல் இருக்க பிளாஸ்டரை இறுக்கிச் சுற்றினால் வேறு கதை. முழித்திருக்கிற ஆள் விரல் விறைத்ததும் கையை இழுத்துவிடுவார். மயக்கத்தில் யார் இழுப்பது? பிரஷர் இறங்கி, ஒப்பரேஷன் தியேட்டர் குளிரும் சேர்ந்தால் விரலுக்கு இரத்தம் போவதே குறைவு. அதனால் நீண்ட ஒப்பரேஷனில் இடையிடையே பார்த்து விரலை மாற்றவேண்டும்.

பிரஷர் பார்க்கக் கையில் சுற்றுகிற பட்டியும் அப்படித்தான். வழமையில் 5 நிமிடத்துக்கு ஒருக்கா ஊதும். அவசரத்தில் 1 நிமிடத்துக்கு வைத்துவிட்டு மறந்துபோனால் நரம்பு நசியும், தோலில் சிவப்புப் புள்ளிகள் எழும்பும்.

எனக்குப் பெரிய பயம் டயதேர்மிதான். இரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கிற மின்கத்தி அது. முனையால் உடம்புக்குள் போகிற மின்னோட்டம் தொடையில் ஒட்டிய அகலமான தகடு வழியாகத் திரும்பி வரவேண்டும். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தையும் 2013இல் திறந்த புதியதையும் நினைத்துப் பாருங்கள், அதே வாகனங்கள்தான், ஒடுங்கின பாலத்தில் மட்டும் நெரிசல். தகடு பாதி கழன்று தொடுகிற பரப்பு பாதியானால் அந்த இடத்துச் சூடு 2 மடங்கு இல்லை, 4 மடங்கு. மின்சுற்றை நிலத்தோடு (எர்த்) தொடுத்த பழைய மெஷின் என்றால் மின்னோட்டம் நெஞ்சில் ஒட்டிய சின்ன ஈ.சி.ஜி. ஸ்டிக்கர் வழியாகக்கூட வெளியேறப் பார்க்கும், அதுக்குக் கீழே தோல் வெந்துபோகும்! இப்போதைய தகடுகள் பலதும் இரண்டு பாதியாக வரும், இரண்டுக்கும் இடையிலான மின்தடையை மெஷின் பார்த்துக்கொண்டே இருந்து, ஒட்டு விட்டால் சத்தம் போட்டுத் தானே நின்றுவிடும். அப்படியிருந்தும் தகட்டை ஈரமோ எலும்பு முட்டோ தழும்போ இல்லாத சதைப்பிடிப்பான இடத்தில் ஒட்டுவது தியேட்டர் ஆட்களின் கையில்தான்.

உங்களுக்கு நீரிழிவோ விரல் விறைப்போ பிளாஸ்டர் ஒவ்வாமையோ இருந்தால், உடம்புக்குள் இரும்போ, இதயத்துடிப்பைச் சீராக்குகிற பேஸ்மேக்கரோ வைத்திருந்தால், மயக்கமருந்து வைத்தியர் பார்க்க வரும்போதே சொல்லிவிடுங்கள், மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பெரியம்மா தன் விறைப்பைச் சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவுமில்லை.