கித்தான்: கேன்வாஸுக்கு வீட்டிலேயே இருந்த சொல்

பழைய வண்ணாரப்பேட்டையில் மகளை அக்ரிலிக் ஓவிய வகுப்பில் சேர்த்தேன். முதல் நாளே பட்டியல் வந்துவிட்டது: 12 ட்யூப் பெயின்ட், தட்டை பிரஷ் இரண்டு, ஜெஸ்ஸோ, அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற சட்டை ஒன்று, கேன்வாஸ் போர்டு நான்கு. அவள் வாசித்துக்கொண்டே வர, கேன்வாஸில் அப்பா நிறுத்தினார். "அது இன்னாம்மா, கித்தானா?"

ஹார்பரில் மூட்டை தூக்கியவர் அவர். கித்தான் பை, கித்தான் ஷூ, கித்தான் கட்டில் எல்லாம் அவருக்குப் பழக்கம். எனக்குத்தான் அந்தச் சொல் மறந்துபோயிருந்தது.

கேன்வாஸ் என்ற பெயர் பிரெஞ்சு வழியாக லத்தீன் 'கன்னாபிஸ்' வரைக்கும் போகிறது. ஆமாம், கஞ்சாச் செடிதான். அதன் நாரில் நெய்த முரட்டுத் துணியில்தான் கப்பலுக்குப் பாய் தைத்தார்கள். ஓவியர்கள் கைக்கு அது வந்ததும் கடலை ஒட்டித்தான். வெனிஸில் உப்புக் காற்றும் ஈரமும் சுவரோவியத்தை உரித்துப் போட்டன. ராயபுரத்தில் சுவர் உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கப்பல் கட்டும் ஊர் என்பதால் பாய்த்துணிக்குப் பஞ்சமில்லை. 16ஆம் நூற்றாண்டில் அங்கே ஓவியர்கள் பெருமளவில் துணிக்கு மாறிவிட்டார்கள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பருத்தி. பேரில் மட்டும் கஞ்சா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, கித்தான்? அரபியில் 'கத்தான்' என்றால் ஆளிச்செடி, அதன் நாரில் நெய்த துணி. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி இருப்பதால் அந்த உறவை நான் நம்புகிறேன். சாக்கு வேறு, கோணி வேறு; அவை சணல். தார்ப்பாயும் வேறு, ஆனால் அதில் உள்ள 'பாய்' கவனிக்க வேண்டியது. நமக்குப் படுக்கிற பாயும் பாய்தான், பாய்மரத்தில் கட்டுகிற பாயும் பாய்தான்.

தனித்தமிழில் வேண்டும் என்பவர்கள் 'திரைச்சீலை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஜன்னலில் தொங்குகிற துணி. அதைவிட அழகான சொல் பழைய பாட்டிலேயே இருக்கிறது: படாம். மயில் குளிரில் நடுங்குகிறது என்று பேகன் போர்த்திய துணி புறநானூற்றில் 'படாஅம்' என்றே வருகிறது. 'படம்' என்ற சொல்லுக்கும் துணி என்ற பொருள் உண்டு. துணியில் எழுதிய சித்திரத்துக்கும் அதே பெயர். வடமொழியிலும் 'பட' என்றால் துணி. யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் சுவரில் மாட்டியிருப்பதைப் 'படம்' என்று சொல்லும்போதெல்லாம் நாம் துணியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

படாமை இன்று கடையில் கேட்க முடியாது. கித்தானைக் கேட்கலாம். நான் கேட்டேன். பாரிமுனைப் பக்கம் ஓவியப் பொருள் விற்கிற கடையில் பையன் விழித்துவிட்டு, தார்ப்பாய்க் கடைக்குக் கை காட்டினான். அங்கே போனால், கேள்வியே இல்லாமல் சுருளை எடுத்து விரித்தார்கள். ஒரு மீட்டர் வாங்கினேன். வெறும் துணி அக்ரிலிக்கை அப்படியே குடித்துவிடும். அதனால்தான் பட்டியலில் ஜெஸ்ஸோ. அந்த வெள்ளைப் பூச்சை இரண்டு கை அடித்துக் காயவிட்டால் வண்ணம் மேலேயே நிற்கும். ஜெஸ்ஸோ இத்தாலியச் சொல், ஜிப்சம் அதன் உறவு. வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் இந்த மாதிரி அடிப்பூச்சைப் 'பிரைமர்' என்பார்கள், அது போதும்.

போர்டைக் கித்தான் அட்டை என்று மகளின் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அப்பா ஒன்றை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, இத்த வச்சு ஒரு பை கூட தைக்க முடியாதே."