ஸ்கேன் செய்தால் போதாது: விண்கல மூலநிரலைக் காக்கும் முறை

2023 நவம்பரில் நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய தரவு திடீரென்று பொருளற்றுப் போனது. தரவைத் தொகுத்து அனுப்பும் கணினியின் நினைவகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு கெட்டிருந்தது. நினைவகத்தின் புதிய படியைப் பழைய படியோடு ஒப்பிட்டுத்தான் பொறியாளர்கள் பழுதின் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். கெட்டுப்போன நினைவகச் சில்லில் இருந்த நிரலைத் துண்டுகளாக்கி வேறு இடங்களில் பொருத்தினார்கள்; அத்துண்டுகளைச் சுட்டும் முகவரிகளையும் திருத்தினார்கள். முதல் துண்டு 2024 ஏப்ரல் 18 அன்று சென்றது. இரண்டு நாளில் கலத்தின் நிலைத் தகவல் படிக்கும்படி வந்து சேர்ந்தது. 1977இல் ஏவிய கலத்தின் நிரலும் ஆவணங்களும் கைக்கு எட்டும் நிலையில் இல்லாதிருந்தால் இது நடந்திருக்காது.

நிரலைக் காப்பது என்றால் அதன் அச்சுப்படியைப் படமெடுத்துச் சேமிப்பது மட்டுமன்று. முன்பின் தெரியாத ஒருவர் அதே நிரலை ஒரு பிட்கூட மாறாமல் மறுபடி உருவாக்க முடியவேண்டும். ஒவ்வொரு வரியும் ஏன் எழுதப்பட்டது என்பதும் அவருக்குப் புரியவேண்டும்.

அப்பல்லோ 11 இதற்கு நல்ல பாடம். நிலவில் இறங்கிய கலத்தின் நிரல் லுமினரி 99, தாய்க்கலத்தின் நிரல் கொமான்ச்சி 55. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக அரும்பொருளகத்தில் இருந்த அச்சுப்படிகளை ஸ்கேன் செய்து, ரான் பர்க்கி 2003இல் தொடங்கிய ‘விர்ச்சுவல் ஏஜிசி’ (ஏஜிசி என்பது அப்பல்லோ கலங்களை வழிநடத்திய கணினி) திட்டத்தினர் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். 2016இல் அது நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏறியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கடினமான வேலையோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே முடிந்திருந்தது.

அந்த அப்பல்லோ கணினியின் நிலையான நினைவகம் 36,864 சொற்கள்: 1,024 சொற்கள் கொண்ட 36 வங்கிகள். சொல் என்பது இங்கே கணினி ஒருசேரக் கையாளும் பிட் தொகுதி. ஒரு சொல்லுக்கு 15 பிட், அதோடு ஒரு சரிபார்ப்பு பிட். ஒவ்வொரு வங்கியின் இறுதியிலும் ஒரு சரிக்கட்டும் சொல் உண்டு. அதையும் சேர்த்துக் கூட்டினால் அந்த வங்கியின் எண் வரவேண்டும். தட்டச்சு செய்த நிரலை, அதைக் கணினிக்குரிய எண்களாக மாற்றும் அசெம்ப்ளரில் ஓட்டி இந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தால் பெரும்பாலான பிழைகள் பிடிபடும். ஆனால் எல்லாம் பிடிபடாது. ஒரே வங்கியில் இரண்டு சொற்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே அச்சுப்படியில் வரிதோறும் இருக்கும் ஆக்டல் (எட்டை அடிமானமாகக் கொண்ட) எண்களோடும் ஒப்பிட வேண்டும்.

அதைவிடக் கவலை தருவது குறிப்புரை, அதாவது நிரலைப் படிக்கும் மனிதருக்காக எழுதிய விளக்கம். அசெம்ப்ளர் அதைப் படிப்பதே இல்லை. அந்தக் கணினியில் தசமப் புள்ளி கிடையாது; ஓர் எண் மீட்டரா, வினாடியா, இரண்டின் எத்தனையாவது அடுக்கால் பெருக்க வேண்டும் என்பது பல இடங்களில் குறிப்புரையில் மட்டுமே இருக்கிறது. அங்கே 8ஐ 3 என்று படித்துவிட்டால் எந்தச் சோதனையும் எச்சரிக்காது. பின்னால் படிப்பவர் கணக்கைத் தவறாகப் புரிந்துகொள்வார். எனவே குறிப்புரையை இரண்டு பேர் தனித்தனியே தட்டச்சு செய்து ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி. மூலத்தில் உள்ள எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். உங்கள் விளக்கத்துக்குத் தனிக் குறியீடு வையுங்கள்: விர்ச்சுவல் ஏஜிசியில் மூலக் குறிப்புரைக்கு ஒற்றை ஹாஷ் (#), இன்றைய குறிப்புக்கு இரட்டை ஹாஷ். பக்க எண்ணையும் அதிலேயே பதிந்தால் ஐயம் வரும்போது உரிய படத்துக்கு உடனே போகலாம்.

ஸ்கேன் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), சாம்பல் நிறம், தரம் குறையாத டிஃப் படக்கோப்பு என்று இருக்கட்டும். வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் மங்கிய ரிப்பன் அச்சில் பாதி எழுத்து மறைந்துபோகும். கோப்பைச் சிறிதாக்கும் ‘ஜேபிக்2’ முறையைக் கட்டாயம் தவிருங்கள். ஒத்த வடிவமுள்ள எழுத்துகளை அது ஒன்றாகக் கருதி, 6 இருக்கும் இடத்தில் 8ஐ வைத்துவிடக்கூடும்; படமோ துல்லியமாகவே தெரியும். 2013இல் அலுவலக ஸ்கேனர்களில் இந்தக் குறை வெளிப்பட்டது.

சிங்கப்பூரில் தாளுக்கும் நாடாவுக்கும் முதல் எதிரி ஈரப்பதம். சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டும். மாலையில் குளிரூட்டி நிற்கும் அலுவலக அலமாரியில் தினமும் ஏறி இறங்கும் ஈரப்பதத்தால் பூஞ்சை பிடிக்கும், காந்த நாடாவின் பசை இளகும். பசை இளகிய நாடாவை ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள், தரவு தாங்கிய பூச்சே உரிந்து வரும், வல்லுநரிடம் கொடுங்கள். கையில் இருப்பதை 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். குளிர் அறையிலிருந்து எடுத்த தாள்கட்டை ஒருநாள் மூடிய பையிலேயே விட்டுப் பிறகு திறந்தால் நீர் படியாது.

நம் துணைக்கோள்களுக்கும் இது பொருந்தும். 2011இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற எக்ஸ்-சாட்டும், 2015இல் சென்ற சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலாசியாவும் இன்று வரலாறு. மாணவர் திட்டங்களின் நிரல், எழுதியவர் பட்டம் பெற்றுப் போனதும் ஒரு மடிக்கணினியோடு மறைந்துவிடும் ஆபத்து உண்டு. இப்போது துணைக்கோள் செய்கிறவர்கள் மூலநிரலோடு, அதைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றிய கம்பைலரின் அதே பதிப்பு, நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் கோப்பு, பறந்த கலத்தில் ஏற்றிய பைனரி (இயங்கும் கோப்பு), மின்சுற்று வரைபடம், கலம் அனுப்பும் டெலிமெட்ரித் தரவின் அட்டவணை, பிழைப் பட்டியல் அனைத்தையும் ஒரே இடத்தில் வையுங்கள். உருவாக்கும் தேதியையும் நேரத்தையும் நிரலே பைனரியில் பதிந்தால் ஒவ்வொரு முறையும் வேறு பைனரி வரும். அதை நிலையான மதிப்பாக்குங்கள். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். பொதுவெளியில் பகிரக்கூடிய நிரலை ‘சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ்’ காப்பகத்திலும் சேர்க்கலாம்.

பகிர்வதற்கு முன் இரண்டு வேலை உண்டு. முதலில் உரிமை: பதிப்புரிமை பல்கலைக்கழகத்துடையதா, நிதி தந்தவருடையதா, எழுதிய மாணவருடையதா என்று எழுத்தில் பெறுங்கள். கலத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் நிரல் போன்றவை உத்திபூர்வப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்படுமா என்பதைச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் பட்டியலில் பாருங்கள். இணையத்தில் ஏற்றுவதும் ஏற்றுமதியாகக் கருதப்படலாம். அடுத்தது, கலத்துக்குக் கட்டளையிடும் இரகசியச் சாவி. கோப்பிலிருந்து நீக்கினாலும், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளின் வரலாற்றில் அது இருக்கும். பொதுப்படியில் வரலாற்றையே அலசி அகற்றுங்கள், கலம் இன்னும் இயங்கினால் சாவியையும் மாற்றுங்கள். முழு வரலாற்றுடன் கூடிய படி மூடிய காப்பில் இருக்கட்டும்.

பிறகு, திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் இணையத் தொடர்பற்ற புதிய கணினியையும் இந்தத் தொகுப்பையும் கொடுத்து, யாரும் உதவாமல் உருவாக்கச் சொல்லுங்கள். பறந்த பைனரியின் எஸ்எச்ஏ-256 மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) அவருக்குக் கிடைத்த மதிப்பும் ஒன்றானால் காப்பகத்துக்கு அனுப்பலாம். வேறுபட்டால் அவர் எங்கே தடுமாறினார் என்பதைக் கேட்டு, விடுபட்டதைச் சேர்த்து, இன்னொருவரிடம் கொடுங்கள்.