கிணற்றில் எண்ணெய் இருக்கிறதா? குச்சியிலிருந்து குப்பி வரை

வாளியில் அள்ளிய தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். எண்ணெயா? அவசரப்பட வேண்டாம், ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து அப்படியே நின்றால், அது இரும்புச்சத்தைத் தின்று வாழும் பாக்டீரியாவின் வேலை. கலைத்த இடத்தை மூடிக்கொண்டு திரும்ப ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

ஆனால் குச்சிக்கு அகப்படுவது மேலே மிதப்பது மட்டும்தான். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். அதற்கு நிறம் கிடையாது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புற்றுநோய் வரவைக்கும் பொருள், ஆனால் அந்த அளவில் மூக்குக்கும் நாக்குக்கும் ஒன்றும் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்து மக்களுக்கு எண்ணெய் கலந்த கிணறு என்பது பட்டறிவு. அங்கிருந்த அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் தங்கள் கிணறுகளில் இறங்கிவிட்டது என்று 2015இல் பெரிய போராட்டமே நடந்தது. ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்லின. கடைசியில் 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம், நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆய்வுகள் முரண்படுவதில் எனக்கு வியப்பில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கும் நன்னீர்தான் எல்லாவற்றுக்கும். அதுவும் அடியில் ஊறியிருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் வந்து சேர்ந்தால் அது அந்த நன்னீரின் மேல் மிதக்கும். பொந்து போகிற பக்கம் தண்ணீர் போவதால், ஒரு வளவில் கிணறு கெட்டுப் பக்கத்து வளவில் நன்றாகவே இருக்கலாம்.

தவிர, குடிக்கிற கிணறு நல்ல சாட்சி அல்ல. வாய் திறந்து கிடப்பதால் பென்சீன் ஆவியாகிவிடும். அதனால்தான் கண்காணிப்புக்கென்றே தனியாகக் கிணறு போடுகிறார்கள். கிணறு என்று பெயர்தான், பெரும்பாலும் இரண்டு அங்குலக் குழாய். அதன் கீழ்ப்பகுதியில் மெல்லிய கீறல்கள் இருக்கும். சூட்சுமம் இந்தக் கீறல்களில்தான். அவை நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிட்டால், மிதக்கும் எண்ணெய் குழாய்க்குள் நுழையவே வழியில்லை. சோதித்தோம், எண்ணெய்ப் படலம் இல்லை என்று அறிக்கை மட்டும் வரும்!

நீர்மட்டமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோடையில் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கிப் பாறையில் அப்பிக்கொள்ளும். மாரியில் தண்ணீர் ஏறினாலும் அப்பியது அங்கேயே சிக்கிக் கிடந்து, மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரே ஒரு நாள் எடுத்த மாதிரியை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை. கிணறும் ஒன்று போதாது. குறைந்தது மூன்று இருந்தால்தான், மட்டங்களை ஒப்பிட்டு நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று கணக்கிட முடியும்.

சரி, மாதிரி எடுப்பது எப்படி? முதலில் நாடாவின் நுனியில் கட்டிய உணரியை இறக்குவார்கள். எண்ணெயைத் தொட்டால் ஒரு மாதிரி ஒலிக்கும், தண்ணீரைத் தொட்டால் வேறு மாதிரி. இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம்தான் எண்ணெயின் தடிமன். பிறகு சிறு பம்பால் கலங்காமல் மெதுவாக நீரை எடுத்து, 40 மில்லிலிட்டர் குப்பியில் தளும்பத் தளும்ப நிரப்பி மூடுவார்கள். உடனே குப்பியைத் தலைகீழாகத் திருப்பி விரலால் தட்டுவார்கள். குமிழி ஒன்று மேலே ஓடினால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு வேறொன்று எடுப்பார்கள். குமிழிக்குள் பென்சீன் தப்பியிருக்கும்.

அப்புறம், சுத்தமான நீர் நிரப்பிய ஒரு குப்பியும் ஆய்வகத்திலிருந்து அதே பெட்டியில் வரும். அதை யாரும் திறப்பதில்லை, சும்மா போய்த் திரும்பும். அதிலும் பென்சீன் தென்பட்டால் பழி கிணற்றின் மேல் அல்ல, வண்டியின் மேல். மாதிரி எடுக்கப் போகிறவர் வழியில் பெட்ரோல் போட்டாரா என்றுகூடக் கேட்பார்கள்.