மலையகத்திலிருந்து கண்டம் கடக்கும் மோட்டார் சைக்கிள்: கார்னே விதி என்ன சொல்கிறது?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வசிக்கும் ஒருவர் தமது மோட்டார் சைக்கிளைக் கொழும்பில் கப்பலேற்றி, கென்யாவின் மொம்பாசாவில் இறக்கி, அங்கிருந்து தரைவழியாகத் தென்னாபிரிக்கா வரை ஓட்டிச் செல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வாகனம் அந்நியத் துறைமுகத்தில் இறங்கும் கணத்திலேயே அந்நாட்டுச் சுங்கத்தின் கணக்கில் வரி செலுத்த வேண்டிய இறக்குமதிப் பொருளாகிவிடுகிறது. பயணி அதை விற்க வரவில்லை, திரும்பக் கொண்டுபோகவே வந்திருக்கிறார் என்பதைச் சுங்கம் ஏற்றுக்கொள்வதற்கு ஓர் உத்தரவாதம் தேவை. அந்த உத்தரவாதத்தைத் தரும் சர்வதேசச் சுங்க ஆவணமே 'கார்னே டி பசாஜ்' எனப்படும் கார்னே புத்தகம். இது வரிவிலக்கு அன்று. வரி நிறுத்திவைக்கப்படுகிறது, அவ்வளவே. வாகனம் குறித்த காலத்துக்குள் அந்நாட்டை விட்டு வெளியேறினால் அந்த வரி கேட்கப்படாது; வெளியேறியதற்குச் சான்று இல்லாவிட்டால் கேட்கப்படும்.

இவ்விதியின் அடிப்படை, தனியார் வாகனங்களைத் தற்காலிகமாக இறக்குமதி செய்வது தொடர்பாக 1954 இல் நியூயோர்க்கில் கைச்சாத்தான சுங்க உடன்படிக்கையாகும். பின்னர் 1990 இல் உருவான இஸ்தான்புல் உடன்படிக்கையும் இதே ஒழுங்கைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வாகனச் சங்கம் கார்னேயை வழங்குகிறது. சுங்கத்துக்குப் பொறுப்பாளியாகவும் நிற்கிறது. இச்சங்கங்களை இணைக்கும் உலக அமைப்பு எஃப்.ஐ.ஏ. இலங்கையில் இப்பொறுப்பை வகிப்பது கொழும்பிலுள்ள ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் எனும் சங்கமாகும். எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் வெளிநாட்டு இலக்கத் தகட்டுடன் வந்து போகும் பெரிய மோட்டார் சைக்கிள்களும் இதே விதியின் கீழ்தான் இலங்கைக்குள் வருகின்றன.

புத்தகத்தின் அமைப்பைச் சரியாக விளங்கிக்கொள்வது மிக முக்கியம், ஏனெனில் பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. கார்னே 5, 10 அல்லது 25 பக்கங்கள் கொண்டதாக வழங்கப்படும். ஒரு நாட்டுக்குள் ஒருமுறை நுழைந்து வெளியேற ஒரு பக்கம் செலவாகும். அதே நாட்டுக்குள் மீண்டும் நுழைந்தால் இன்னொரு பக்கம் போகும். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நுழையும்போது சுங்க உத்தியோகத்தர் அடித்துண்டைக் கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது நடுத்துண்டு கிழிக்கப்படும். மேல்துண்டு புத்தகத்திலேயே தங்கி, நுழைவு முத்திரை, வெளியேற்ற முத்திரை இரண்டையும் தாங்கி நிற்கும். இந்த இரண்டாவது முத்திரைதான் பயணியின் பணத்தைக் காப்பாற்றுகிறது. நுழைவு முத்திரையைச் சுங்கமே வலியுறுத்தி இடும். வெளியேறும்போதோ எல்லையில் கூட்டம் இருக்கும், நேரம் இருட்டியிருக்கும், உத்தியோகத்தர் கையசைத்துப் போகச் சொல்வார். அப்போது நின்று, புத்தகத்தை நீட்டி, முத்திரையும் கையொப்பமும் திகதியும் பதிந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பின்பே நகர வேண்டும். போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகியவை தென்னாபிரிக்காவுடன் ஒரே சுங்க ஒன்றியத்தில் இருப்பதால், அந்த ஐந்து நாடுகளுக்கும் சேர்த்து முதல் எல்லையில் நுழைவும் கடைசி எல்லையில் வெளியேற்றமும் மட்டுமே பதியப்படும். இதை அறியாதவர் நடுவே ஒவ்வோர் எல்லையிலும் முத்திரை கேட்டுப் பக்கங்களை வீணாக்க நேரிடலாம்.

கார்னே வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு செல்லுபடியாகும். ஆயினும் ஒவ்வொரு நாடும் வாகனம் தங்கக்கூடிய காலத்தைத் தானே வரையறுக்கும். இந்தியாவில் அது ஆறு மாதம். இவ்விரண்டில் எது முன்னே முடிகிறதோ அதற்குள் வாகனம் வெளியேற வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், ஈரான், எகிப்து, ஜப்பான், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்கு வாகனம் கொண்டுபோவோர் கார்னேயை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். கென்யாவும் தான்சானியாவும் அதை ஏற்கின்றன. ஆபிரிக்காவின் தெற்குப் பிராந்தியத்தில் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி தரும் நாடுகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்னே தேவையில்லை. அங்கே வதியாத ஒருவர் தமது வாகனத்தை ஆறு மாதம் வரை வரியின்றி வைத்திருக்கலாம்.

கார்னே பெறுவதற்கான கட்டணத்தைவிட அதற்கு வைக்க வேண்டிய பிணையே பெருந்தொகை. வாகனத்தின் பெறுமதியையும் செல்லவிருக்கும் நாடுகளின் வரி விகிதத்தையும் பார்த்துச் சங்கம் பிணையைத் தீர்மானிக்கும். அது பணமாகவோ வங்கி உத்தரவாதமாகவோ இருக்கும். எனவே அதிக வரி விதிக்கும் ஒரு நாட்டைப் பயணத் திட்டத்தில் சேர்ப்பதா விடுவதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்வது நல்லது. நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ இப்பிணையைக் கட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கார்னே முறையாக முடித்துச் சங்கத்திடம் ஒப்படைக்கப்படும் வரை அப்பணம் கைக்கு வராது. வட்டியோ மாதந்தோறும் ஏறும்.

மலையகத்தவர் விண்ணப்பிக்கும்போது ஒரு விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. தோட்டங்களில் பிறந்த பலருடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறு விதமாகவும், சாரதி அனுமதிப்பத்திரத்தில் மற்றொரு எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் நிற்கும். ஊருக்குள் இது யாருக்கும் பெரிதாகப் படாது. ஆனால் கார்னேயில் உள்ள பெயர், கடவுச்சீட்டு, வாகனப் பதிவுச் சான்றிதழ் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மொழி தெரியாத எல்லையில் விளக்கம் சொல்லி நிற்க நேரிடும். ஆகவே முதலில் பெயரைத் திருத்தி, அதற்கேற்ப மற்ற ஆவணங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கடவுச்சீட்டுக்காகக் கொழும்புக்கே போக வேண்டியதில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் கண்டியில் இருக்கிறது. வாகனத்தின் எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் மாற்றப்பட்ட வாகனமாயின் அம்மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்த பின்பே விண்ணப்பிக்க வேண்டும். லீசிங் முடியாத வாகனத்துக்குப் பதிவில் முற்றுரிமையாளராக இருப்பது லீசிங் நிறுவனமாதலால் அதன் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும். வாகனம் அண்ணன் பெயரிலோ மாமா பெயரிலோ இருந்தால், நொத்தாரிசு முன் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் கூடவே இருக்க வேண்டும்.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தையும் அதே சங்கத்தில் பெறலாம். இலங்கை 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இணைந்த நாடு. அதன்படி வழங்கப்படும் பத்திரம் ஓராண்டுக்கே செல்லும். அது உள்நாட்டு அனுமதிப்பத்திரத்துடன் சேர்த்தே மதிக்கப்படும் என்பதால் மூல அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும். 100 சீசீக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை ஓட்ட 'ஏ' வகுப்பு அவசியம். 'ஏ1' மட்டும் உள்ளவர் அதனுடன் புறப்படக்கூடாது. வாகனத்தின் பின்புறத்தில் இலங்கைக்குரிய 'சி.எல்.' அடையாளத்தை நீள்வட்டத் தகட்டில் ஒட்ட வேண்டும்.

கார்னே சொந்த நாட்டின் வரியைக் காக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கொழும்பில் ஏற்றும்போது, இது திரும்பி வரவிருக்கும் வாகனம் என்று சுங்கத்தில் பிரகடனம் செய்து, எஞ்சின், சேஸி இலக்கங்கள் சரிபார்க்கப்பட்ட ஆவணத்தின் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வாகன வரி மிக உயரத்திலேயே நிற்கிறது. வெளியே போன அதே வாகனம்தான் திரும்பி வந்தது என்று காட்ட முடியாதவருக்கு அது பெரும் இழப்பாக முடியலாம்.

இலங்கையிலிருந்து வாகனம் ஏற்றிச் செல்லும் பயணிகள் படகுச் சேவை எதுவும் இல்லை. 1914 இல் தொடங்கிய தலைமன்னார்ப் படகுப் பாதை 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை இழந்தது, பின்னர் 1980களில் முற்றாக நின்றது. 2023 இல் ஆரம்பித்த காங்கேசன்துறை–நாகபட்டினம் சேவை ஆட்களையே ஏற்றுகிறது. ஆகவே கொள்கலனோ விமானமோதான் வழி. கொள்கலனில் பலரது சரக்குடன் சேர்த்து அனுப்பினால் கட்டணம் கன மீற்றரில் கணக்கிடப்படும். முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் கழற்றிப் பெட்டியைச் சிறிதாக்கினால் செலவு குறையும். விமானத்தில் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 167 கிலோவாக எண்ணப்படுவதால் அங்கும் பருமனே விலையைத் தீர்மானிக்கிறது. ஏற்றும் இடத்துக் கட்டணத்தை மட்டும் கேட்டு ஒப்புக்கொள்ளக்கூடாது. இறங்கும் துறைமுகத்தின் கையாளுகை, களஞ்சியம், தாமதக் கட்டணம் ஆகியவை சில வேளைகளில் கப்பல் கட்டணத்தையே மிஞ்சும். அவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மரப்பெட்டியின் பலகைகள், மையப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேறும்படி பதப்படுத்தப்பட்டோ அங்கீகரிக்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டோ, அதற்குரிய சர்வதேச முத்திரை பதிக்கப்பட்டிருக்க வேண்டும். மர ஆலையில் கிடைக்கும் சாதாரணப் பலகையில் தச்சர் எவ்வளவு நேர்த்தியாகப் பெட்டி செய்து தந்தாலும், அம்முத்திரை இல்லாமல் அது செல்லாது. பெற்றோல் தாங்கியை வடித்து, பற்றரி முனைகளைக் கழற்றி மூட வேண்டும். விமானத்தில் தாங்கியின் கொள்ளளவில் காற்பங்குக்கு மேல் எரிபொருள் இருக்கவே கூடாது. தோட்டப் பாதைகளில் ஓடிய வாகனத்தின் மட்காட்டுக்குள்ளும் எஞ்சினுக்கு அடியிலும் மண் இறுகிக் கிடக்கும். அவுஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்புப் பரிசோதனையில் சிறிதளவு மண்ணோ ஒரு விதையோ கண்டால்கூட வாகனத்தை நிறுத்திப் பயணியின் செலவிலேயே கழுவச் சொல்வார்கள். அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு ஓட்டிக்கொண்டு இறங்கிய பிறகு, பெட்டிக்குள் வைப்பதற்குச் சற்று முன் கழுவுவதே பயன் தரும்.

இலங்கைக் காப்புறுதி எல்லைக்கு அப்பால் செல்லாது. கிழக்கு ஆபிரிக்காவில் கொமேசா மஞ்சள் அட்டை எனும் பிராந்தியக் காப்புறுதியும், ஐரோப்பாவில் பச்சை அட்டை எனும் காப்புறுதி முறையோ எல்லைக் காப்புறுதியோ தேவைப்படும்.

வெளியேற்ற முத்திரை தவறிவிட்டால் எல்லாம் கைவிட்டுப் போய்விடாது. வாகனம் இப்போது எங்கே நிற்கிறது என்பதை இன்னொரு நாட்டுச் சுங்கமோ தூதரகமோ நேரில் பார்த்து உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற்றுச் சங்கத்திடம் கொடுக்கலாம். 1954 உடன்படிக்கையின்படி, கார்னே காலாவதியாகி ஓராண்டுக்குள் அந்நாட்டுச் சுங்கம் தன் கோரிக்கையை அறிவிக்க வேண்டும். அறிவித்தல் கிடைத்த பின் சான்று காட்டச் சங்கத்துக்கும் ஓராண்டு உண்டு. விபத்தில் வாகனம் உருக்குலைந்தால், சுங்கத்தின் மேற்பார்வையில் அதை அழிக்கவோ அரசிடம் ஒப்படைக்கவோ வழியுண்டு; தெருவோரம் விட்டுவிட்டு விமானம் ஏறக்கூடாது. திருட்டுப் போனால் வரிப் பொறுப்பு தானாக நீங்குவதில்லை. உடனே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைப் பெற்று அன்றே சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். வழியில் யார் நல்ல விலை கேட்டாலும் வாகனத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ அந்நாட்டவரிடம் ஓடக் கொடுக்கவோ அனுமதியில்லை.

திரும்பி வந்ததும் ஏற்றுமதிப் பிரகடனத்தின் பிரதியைக் காட்டி வாகனத்தை விடுவித்து, வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகியிருந்தால் புதுப்பித்த பின்பே வீதியில் இறக்குங்கள். பிறகு கார்னேயைச் சங்கத்திடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்து, பிணை விடுவிக்கப்படும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.