பறவைப் பெட்டியில் யார் குடிவருவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வீட்டுக்குப் பின்னால் மரப்பெட்டி ஒன்றை அடித்து மாமரத்தில் மாட்டிவிட்டு, எந்தப் பறவை வருகிறது என்று காத்திருந்தால், பெரும்பாலும் முதலில் வந்து எட்டிப் பார்ப்பது மைனாதான். 1860-ல் ட்ரூரோ கப்பலில் நம்மவர்கள் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கினார்கள். சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து, கூண்டுப் பறவையாகக் கொண்டுவரப்பட்ட மைனாவும் இங்கே வெளியில் பறந்து பெருகத் தொடங்கியது. அதன்மேல் நமக்குப் பாசம் இருக்கலாம். ஆனால் பொந்து தேடி அலையும் உள்ளூர்ப் பறவைகளுக்கு அது பெரிய தொல்லை. ஆகவே ரம்பத்தை எடுப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: துளை எவ்வளவு?

பொந்தில் முட்டையிடும் பறவைகளில் இரண்டு வகை உண்டு. மரங்கொத்தியும் குக்குறுவானும் தாமே மரத்தைக் குடைபவை. சிட்டுக்குருவி, மைனா, ஸ்டார்லிங் போன்றவை பிறர் குடைந்துவிட்டுப் போன பொந்திலோ, கிளை முறிந்து உளுத்த இடத்திலோ ஒண்டிக்கொள்பவை. பலகைப் பெட்டி என்பது அந்த உளுத்த பொந்துக்கு நாம் செய்யும் நகல். அதனால் அது இரண்டாம் வகைக்குத்தான் பயன்படும்.

அந்த வகையில் இங்கே வரவேற்கத் தகுந்தது சாம்பல் தலையுள்ள தென்னாப்பிரிக்கச் சிட்டு. அதற்கு 35 மில்லிமீட்டர் துளை போதும். நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள மைனாவின் உடம்பு அதில் நுழையாது. வீட்டுச் சிட்டுக்குருவி நுழைந்துவிடும், அதைத் தடுக்க முடியாது. அதுவும் இந்தியாவிலிருந்து வந்ததுதான், சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

துளைக்குக் கீழே பெட்டியின் அடிப்பலகை வரை 15 சென்டிமீட்டராவது ஆழம் வேண்டும். சாட்ஸ்வொர்த், வெஸ்ட்வில் பக்கம் வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வருவது எல்லோருக்கும் தெரியும். முட்டை என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். துளைக்குள் கைவிட்டுத் துழாவும் குரங்குக்கும், அலகை நீட்டும் காக்கைக்கும் கூடு எட்டக் கூடாது. வாசலுக்குக் கீழே அழகுக்காகக் குச்சி ஒன்றைச் செருகுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். பொந்துப் பறவை துளை விளிம்பைப் பற்றிக்கொண்டே உள்ளே போய்விடும். குச்சி உதவுவது திருட வருகிறவர்களுக்குத்தான். உள்பக்கம், துளைக்குக் கீழே உள்ள பலகையை இழைக்காமல் விடுங்கள், அல்லது ரம்பத்தால் குறுக்கே நாலைந்து கீறல் போடுங்கள். குஞ்சு வெளியே ஏறி வர நகத்துக்குப் பிடி வேண்டும்.

பலகை 20 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். முட்டையிலிருந்து வந்த சில நாட்களுக்குக் குஞ்சால் தன் உடல் சூட்டைச் சமாளிக்க முடியாது. இயற்கைப் பொந்தின் சுவர் தடிமன் என்பதால் பகல் வெயில் உள்ளே மெதுவாகத்தான் இறங்கும். மெல்லிய பிளைவுட்டும் தகரக் கூரையும் டர்பன் கோடையில் குஞ்சை வாட்டிவிடும். கூரைக்குக் கீழே காற்றுத் துளை இரண்டு, அடிப்பலகையில் நீர் வடியத் துளை நாலு, அவ்வளவுதான். ஹார்ட்வேர் கடைப் பைன் பலகையில் பச்சை சாயல் தெரிந்தால் வாங்காதீர்கள். கரையான் அரிக்காமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றிய மரமாக அது இருக்கலாம்.

வாசல் எந்தத் திசை? வடக்கு நாடுகளில் எழுதிய வழிகாட்டிகள் வடக்கையோ வடகிழக்கையோ சொல்லும், அங்கே வெயில் தெற்கிலிருந்து அடிப்பதால். டர்பனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்க வடக்கே சாய்ந்திருக்கும். குளிர்ந்த மழைக்காற்று தென்மேற்கிலிருந்து வரும். கூடு கட்டும் கோடையில் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்பதால் உண்மையில் சுடுவது பிற்பகல் மேற்கு வெயில்தான். மூன்றையும் தவிர்த்தால் மிஞ்சுவது கிழக்கும் தென்கிழக்கும். பெட்டியை இரண்டு மீட்டருக்கு மேலே, முகம் சற்றே முன்னால் கவிழ்ந்தபடி, நிழலில் மாட்டுங்கள்.

இதெல்லாம் சொன்ன பிறகும் என் வோட்டு வேறொன்றுக்கு: துளையே இல்லாத மரக்கட்டைக்கு.

சிவந்த முகமும் கழுத்தில் கருப்புப் பட்டையும் கொண்ட குக்குறுவான் நம் தோட்டங்களுக்கு அடிக்கடி வரும். அத்திப்பழமும் பப்பாளியும் தின்னும், ஜோடியாக மாறி மாறிக் குரல் கொடுக்கும். அதன் எடை மைனாவில் பாதிதான். அழகான பெட்டி கட்டி வைத்தால் அது திரும்பியும் பார்க்காமல் போகலாம். சைசல் கற்றாழையின் பூத்தண்டை வெட்டி, உலரவைத்து, அரை மீட்டர் நீளத் துண்டாக மரத்தில் நிமிர்த்திக் கட்டுங்கள். விரற்கடை ஆழத்துக்கு ஒரு குழி மட்டும் தொடங்கி வைக்கலாம். மேல் பகுதி கெட்டி, உள்ளே பஞ்சு போல மெத்து. குக்குறுவானின் தடித்த அலகுக்கு அது தோதான மரம். கால்விரல் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாகத் தண்டைப் பற்றிக்கொண்டு கொத்தும். கொஞ்சம் உள்ளே போனதும் தலை மறையும், வால் மட்டும் வெளியே அசையும், பிறகு வாய் நிறையச் சிராய்த்தூளோடு பின்வாங்கி வெளியே வரும். முதலில் நேராகக் குடைந்து அப்புறம் கீழே திரும்பும். வாசலை அது தன் உடம்பு அளவுக்கே வெட்டுவதால் மைனாவுக்கு வழி கிடைப்பதில்லை. நாம் மில்லிமீட்டர் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட வேலையைப் பறவை அலகாலேயே முடித்துவிடுகிறது. முட்டைகள் வெள்ளை. இருட்டில் கிடப்பவற்றுக்குப் புள்ளியும் நிறமும் எதற்கு? அடைகாப்பு சுமார் 18 நாள், குஞ்சு வெளியே வர ஏறத்தாழ ஐந்து வாரம். பருவம் முடிந்தாலும் பொந்தைக் காலி செய்யாது, இரவில் குடும்பமாக அதற்குள்ளேயே தூங்கும்.

இங்கும் ஒரு வில்லன் உண்டு. சிறு தேன்காட்டி என்னும் மங்கிய நிறப் பறவை தானாகக் கூடு கட்டாது. குக்குறுவான் அசந்த நேரம் பார்த்து உள்ளே முட்டையிட்டுப் போய்விடும். அதன் குஞ்சு பொரிக்கும்போதே அலகு நுனியில் கொக்கியோடு வரும். அந்தக் கொக்கியால் வீட்டுக்காரக் குஞ்சுகளைக் கொத்திக் கொன்றுவிட்டு, வரும் உணவு முழுவதையும் தானே வாங்கிக்கொள்ளும். தேன்காட்டியும் இந்த மண்ணின் பறவைதான், அதைத் துரத்த வேண்டியதில்லை. எங்கேனும் ஒரு தேன்காட்டி மரக்கிளையில் அசையாமல் உட்கார்ந்து உங்கள் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தால், கட்டைக்குள் குக்குறுவான் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

கற்றாழைக் கட்டை சில பருவம்தான் தாங்கும். மழையில் ஊறி அடிப்பகுதி நெகிழத் தொடங்கினால், ஆகஸ்டுக்குள் பக்கத்திலேயே புதிய கட்டையைக் கட்டிவிடுங்கள். பழையதை உடனே எடுத்துவிடாதீர்கள். அதில் இரவு தூங்குகிற குடும்பம் இருக்கலாம்.